பூநகரிக் கோட்டை மாதிரியுரு: இடிந்தபடி செய்வதா, கட்டியபடி செய்வதா?

பரந்தன் தாய் (ஞாயிறு, இரவு 9.10)

எல்லாருக்கும் வணக்கம். மகள் 7ஆம் தரம் படிக்கிறாள். வரலாற்றுப் பாடத்துக்கு வடக்கில் உள்ள பழைய கட்டடம் ஒன்றின் மாதிரியுரு செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கிழமை தவணை தந்திருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் யாழ்ப்பாணப் பொது நூலகம்தான் செய்யப்போகிறார்களாம். இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கடையில் காசு கொடுத்துச் செய்விப்பதாகவும் மகள் சொன்னாள்.

எனக்கு இதில் ஒரு பழைய கவலை இருக்கிறது. போன வருசம் மூத்தவனுக்கு இப்படித்தான் ஒரு வேலை வந்தது. நானும் தம்பியுமாக இரவு 1 மணி வரை இருந்து வெட்டி ஒட்டி முடித்தோம். பிள்ளை பக்கத்தில் நித்திரை. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அடுத்த நாள் வகுப்பில் எழுப்பி, இது எப்போது கட்டியது, ஏன் வாசல் இந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகப்பையைக் கழற்றாமலே அழுதான். அந்த அழுகை என் பிழை.

இந்த முறை அப்படி விடக்கூடாது. கணவர் கொழும்பில் வேலை. வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும்தான். எந்தக் கட்டடத்தை எடுக்கலாம், எதனால் செய்யலாம், நான் எவ்வளவு கை கொடுக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளத்தான் (ஞாயிறு, இரவு 9.45)

அக்கா, எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காக நூலகத்தைத் தள்ளிவிட வேண்டாம். பிள்ளைக்கு அது லேசு. நடுவில் கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும், ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால் அதை வைத்தே மற்றப் பக்கத்தை வெட்டலாம். படம் தேடி அலையவும் தேவையில்லை. சொல்வதற்கும் நிறைய இருக்கிறது. 1933 இல் செல்லப்பா என்பவரின் முயற்சியில் சிறிய அளவில் தொடங்கியது. இப்போது நாம் பார்க்கும் கட்டடத்தைச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தார், 1959 இல் திறந்தார்கள். 1981 இல் எரித்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. 2003 இல் திரும்பத் திறந்தார்கள். 12 வயதுப் பிள்ளை இதைத் தன் வாயால் சொன்னால் வகுப்பு கேட்கும்.

பூநகரிக்காரன் (ஞாயிறு, இரவு 10.20)

நூலகம் நல்லதுதான். ஆனால் பரந்தனில் இருக்கும் பிள்ளை யாழ்ப்பாணத்துக்கு ஏன் போகவேண்டும்? பூநகரி வீதியால் வந்தால் எங்கள் கோட்டை வரும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்திப் பெருப்பித்த கோட்டை. ஒல்லாந்தர் வேலை 1770 அளவில் நடந்தது. பிறகு ஆங்கிலேயர் 1805 இல் அதிலே தங்குமடம் வைத்தார்கள். மூன்று ஆட்சியும் ஒரே வளவுக்குள்.

அதோடு செய்வதற்கும் லேசு. யாழ்ப்பாணக் கோட்டை ஐங்கோணம், ஐந்து கொத்தளம் (மதில் மூலையில் வெளியே நீட்டிக் கட்டிய காவல் மேடை). எங்கள் கோட்டை சிறிய நாற்சதுரம். கொத்தளமும் இரண்டுதான், எதிரெதிர் மூலைகளில். ஏன் இரண்டு போதும் என்று பிள்ளையை யோசிக்க விடுங்கள். சதுரத்தைக் கீறி, ஒரு மூலையில் நின்று பார்த்தால் எந்த இரண்டு மதில் தெரியும், எதிர் மூலையில் நின்றால் எந்த இரண்டு தெரியும் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். நாலு மதிலும் இரண்டு மூலையால் காவலாகிவிடும். என் மகன் அதைத் தானே கண்டுபிடித்த அன்றைக்கு வீட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

கட்டாயம் நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பக்கத்தைப் போர் ஒருமுறை இரண்டு முறை அல்ல, பலமுறை மிதித்தது. எங்கள் வயதுக்காரர் எத்தனையோ வருசம் அங்கே கால் வைக்க முடியாமல் இருந்தோம். இப்போது பிள்ளைகள் போய்ப் பார்க்கலாம் என்பதே எனக்குப் பெரிய விசயம்.

கனகராயன்குளம் அக்கா (திங்கள், காலை 5.50)

ஒன்று சொல்ல வேண்டும், யாரும் கோபிக்க வேண்டாம். கடையில் வாங்குகிற தாய்மாரை லேசாகப் பேசாதீர்கள். நான் ஆடைத் தொழிற்சாலைக்குக் காலை 6 மணி பஸ் எடுத்தால் இருட்டினபிறகுதான் வீடு. போன வருசம் நானும் வாங்கித்தான் கொடுத்தேன். இல்லாவிட்டால் பிள்ளை வெறுங்கையோடு போயிருப்பாள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் விளக்கு எரிகிற மாதிரியெல்லாம் கொண்டுவரும்போது, காட்போட் பெட்டியோடு போகிற பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

வரலாறு ரீச்சர், புதுக்குடியிருப்பு (திங்கள், பிற்பகல் 3.30)

கனகராயன்குளம் அக்கா சொன்னது முழுக்க உண்மை, அதில் பிழை ஆசிரியர்களாகிய எங்களுடையது. வடிவுக்கு மட்டும் புள்ளி போட்டால் காசுள்ள வீடுதான் வெல்லும். அதனால் என் வகுப்பில் நான் இப்படிச் செய்கிறேன். மாதிரியுருவோடு ஒரு கொப்பியும் வரவேண்டும். அதில் பிள்ளை கீறிய முதல் படம், அளவுக் கணக்கு, பிழைத்துப்போன இடம் எல்லாம் இருக்கவேண்டும். பிறகு பிள்ளையிடம் மூன்று கேள்வி: இதைக் கட்டியவர்களுக்கு இது எதற்குத் தேவைப்பட்டது? எந்தப் பொருளால் கட்டினார்கள், அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? நீ செய்ததில் உண்மையான கட்டடத்தோடு ஒத்துவராதது எது? மூன்றாவது கேள்விக்குக் கடையில் வாங்கிய பிள்ளையால் பதில் சொல்ல முடியாது. சொந்தமாகச் செய்த பிள்ளை நிறுத்தாமல் சொல்லும், ஏனென்றால் அது எந்த மூலையில் கோணிப்போனது என்று அதற்குத்தான் தெரியும்.

பரந்தன் தாய், உங்கள் கேள்விக்கு என் பதில்: பிளேடும் சூடும் உங்கள் கையில் இருக்கட்டும். மற்றதெல்லாம் மகளின் கையில். கோணினாலும் விடுங்கள்.

கனகராயன்குளம் அக்கா, உங்கள் மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முட்டைத்தட்டிலும் மண்ணிலும் செய்யலாம், அவை காசுக்கு வாங்குகிற பொருள் அல்ல. அடுத்த முறை வேலை வந்தால் இங்கே எழுதுங்கள், எல்லாரும் சேர்ந்து சொல்லித்தருவோம்.

தருமபுரம் மேசன் (திங்கள், இரவு 8.15)

நான் 22 வருசமாக மேசன் வேலை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் இப்படிச் செய்ய உதவியிருக்கிறேன். விபரமாக எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் அளவு. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மதிலை ஒரு அளவில் செய்து, வாசலை வேறு அளவில் செய்து, அதற்குமேல் கடையில் வாங்கிய பொம்மை மரத்தை வைப்பார்கள். மரம் கோட்டையை விடப் பெரிதாக நிற்கும். 1க்கு 100 என்று எடுங்கள். ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர், பிள்ளைக்குக் கணக்கும் லேசு. ஒரு பக்கம் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பலகையில் 30 சென்டிமீட்டர் வரும். நீங்கள் நேரில் அளந்துவிட்டு அந்தக் கணக்கைப் போடுங்கள். அளவு நாடா இல்லாவிட்டால் பிள்ளை எடுத்துவைக்கிற ஒரு எட்டு (காலடி) எவ்வளவு நீளம் என்று அளந்துவிட்டு, எத்தனை எட்டு என்று எண்ணி நடக்க விடுங்கள்.

வேலை தொடங்க முன்னமே ஒரு ஆளைச் செய்யுங்கள். ஈர்க்கில் 1.6 சென்டிமீட்டர் துண்டு முறித்து நட்டால் அதுதான் 160 சென்டிமீட்டர் உயர ஆள். வாசல் செய்யும்போது அந்த ஆளைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். படி செய்யும்போதும் நிறுத்திப் பாருங்கள். அளவு பிழைத்தால் அந்த ஈர்க்கு ஆள் உடனே சொல்லிவிடுவார்.

அடித்தளத்துக்கு ஒட்டுப்பலகை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடைப்பெட்டி காட்போட் இரண்டு தட்டு. ஒரு தட்டின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் வரும்படி ஒட்டி, மேலே பாரம் வைத்து ஒரு இரவு விடுங்கள். ஒரே பக்கமாக ஒட்டினால் பசை காயும்போது பப்படம் போல வளைந்துவிடும்.

கோட்டை மதிலை ஒற்றைத் தாளாக நிறுத்த வேண்டாம். அது வீட்டுச் சுவர் அல்ல, பீரங்கிக் குண்டைத் தாங்கக் கட்டிய தடித்த மதில். காட்போட்டை நீளப் பெட்டி போல மடித்து, வெளிப்பக்கம் அடி அகன்று மேலே ஒடுங்கி வரும்படி சரித்து ஒட்டுங்கள். உள்ளே கசக்கிய பத்திரிகைத் தாளை நிரப்பினால் அமுங்காது.

இனி மேற்பூச்சு. இந்தப் பக்கத்துக் கரையோரக் கோட்டைகளுக்கு முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான் போட்டார்கள். முருகைக்கல் எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குக் காட்டுங்கள், துளைத் துளையாக, கடற்பஞ்சு இறுகிய மாதிரி. அந்தத் தோற்றத்துக்கு முட்டைத்தட்டை விட நல்ல பொருள் இல்லை. தட்டைக் கிழித்து ஒரு இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் பிழிந்து, பைண்டர் கம் கலந்து பிசைந்தால் களி போல வரும். மெல்லிசாக மதிலில் அப்பி, ஈரமாக இருக்கும்போதே பழைய பல்துலக்குகிற பிரஷ்ஷால் குத்துங்கள். துளை விழும். நிழலில் இரண்டு நாள் காயவேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

நிறத்துக்குத் தேயிலைச் சாயம் போதும். கொதித்த சாயத்தை ஆறவிட்டு முழுக்கப் பூசி, காய்ந்தபிறகு துளைகளில் கொஞ்சம் கரித்தூள் தேயுங்கள். கடை நிறம் பூசினால் பொம்மை வீடு போலாகிவிடும்.

ஒரு விசயம் கண்டிப்பாக. கோட்டையில் இருந்து ஒரு சின்னக் கல்லும் எடுத்துவர வேண்டாம். உண்மையான கல்லை ஒட்டினால் நன்றாக இருக்கும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஆளுக்கு ஒரு கல் எடுத்தால் அங்கே என்ன மிஞ்சும்?

மாங்குளத்தான் (திங்கள், இரவு 9.00)

மேசன் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரெஜிபோம் (பெட்டிகளுக்குள் வருகிற வெள்ளை நுரைப் பலகை) எடுத்தால் ஸ்பிரே பெயின்ற் அடிக்க வேண்டாம். நாங்கள் நூலகத்தின் குவிமாடத்துக்கு ரெஜிபோம் வைத்து, மேலே ஸ்பிரே அடித்தோம். கண் முன்னாலே கரைந்து குழி விழுந்துவிட்டது. அந்தப் பெயின்றில் இருக்கும் கரைப்பான் ரெஜிபோமைத் தின்றுவிடும், சில பசைகளும் அப்படித்தான். தண்ணீரில் கலக்கும் நிறம் மட்டும் பாவியுங்கள். சூடான கம்பியால் வெட்டுவதும் வீட்டுக்குள் வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளுக்குக் கூடாது.

பரந்தன் தாய் (சனி, இரவு 8.30)

இன்றைக்குப் போய்வந்தோம். நான், மகள், மூத்தவன், அம்மா நாலு பேரும் பஸ்ஸில்.

மகள் தன் எட்டை வீட்டிலேயே அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டுதான் வந்தாள். மதில் வழியாக எண்ணி எண்ணி நடந்தாள். நடுவில் அம்மம்மா கதை கேட்டதால் எண்ணிக்கை தவறி, திரும்பவும் முதல் மூலைக்குப் போனாள். மூத்தவன் கொத்தள மூலையில் நின்று எந்த மதில் தெரிகிறது என்று கத்திச் சொல்ல, அவள் கீறினாள். பூநகரிக்காரன் அண்ணா சொன்ன இரண்டு மூலைக் கணக்கு அவர்களுக்கே பிடிபட்டுவிட்டது. நான் வாயே திறக்கவில்லை.

ஆனால் அங்கேயே ஒரு பிரச்சினையும் வந்துவிட்டது. மகள் சொல்கிறாள், இடிந்து கிடப்பதை இடிந்தபடியே செய்யவேண்டும், நான் கண்டது அதைத்தானே என்று. மூத்தவன் சொல்கிறான், அப்படிச் செய்தால் அரைகுறை வேலை என்று வகுப்பில் நினைப்பார்கள், கட்டிய நாளில் இருந்தபடி முழுசாகச் செய் என்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் மெல்லச் சொன்னா, எங்கள் பழைய வீட்டை யாராவது செய்துகாட்டினால் எப்படிச் செய்வார்கள், ஓட்டோடா, ஓடில்லாமலா என்று. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பூநகரிக்காரன் (சனி, இரவு 9.05)

முழுசாகச் செய்யுங்கள். இடிவதை நாங்கள் பார்த்தது காணும். பிள்ளையாவது அதை நிமிர்த்திவைக்கட்டும்.

ஒட்டுசுட்டான் அப்பப்பா (சனி, இரவு 9.50)

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் முல்லைத்தீவிலும் ஒல்லாந்தர் வைத்த கோட்டை ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் கையில் அது இருந்தபோது, 1803 இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் படை திரட்டிப் போய் அதைப் பிடித்தான், பீரங்கிகளையும் கொண்டுவந்தான். அதே வருசம் ஒக்ரோபர் 31 இல் ஆங்கிலேயரின் கப்டன் வொன் ட்ரைபேர்க்கின் படை கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தது. அதைச் சொல்லி அவர்கள் நாட்டிய கல்தான் கற்சிலைமடுக் கல். சின்ன வயதில் அந்தக் கல்லடிக்கு அப்பு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வென்றவன் நாட்டிய கல்லைத் தோற்றவனின் ஊர் சனம் தங்கள் தலைவனின் நினைவாகப் பார்த்துவந்தது. கல் ஒன்றுதான், ஆனால் அதைப் பார்த்தவர்கள் இரண்டு விதமாகப் பார்த்தார்கள். பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். கோட்டையும் அப்படித்தான். கட்டியவனுக்கு அது காவல், வெளியே நின்ற எங்கள் ஆட்களுக்கு அது வேறு.

அதனால் கோட்டைக்கு வெளியேயும் ஏதாவது வையுங்கள். ஒரு வயல் துண்டு, ஒரு மண்வீடு, பக்கத்தில் நெல் சேர்த்துவைக்கிற ஒரு கொம்பறை. அந்த நெல்லைச் சாப்பிட்டுத்தானே உள்ளே இருந்தவர்கள் காவல் காத்தார்கள். மண்வீட்டுக்குப் புற்றுமண் எடுங்கள், ஒட்டும், வெடிக்காது. கூரைக்கு வைக்கோல். திண்ணையை மறக்க வேண்டாம்.

இடிந்ததா முழுசா என்றால், நான் செய்கிற பிள்ளையின் பக்கம், இடிந்தபடியே.

தருமபுரம் மேசன் (ஞாயிறு, காலை 7.30)

பூநகரிக்காரன் தம்பியின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் வேலைக்காரனாக ஒன்று கேட்கிறேன். முழுசாகச் செய்வதென்றால் மதிலின் மேல்விளிம்பு எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே இருந்த கட்டடத்தின் கூரை ஓடா, ஓலையா? தெரியாததைத் தெரிந்தமாதிரிக் கட்டினால், நாளைக்கு அதைப் பார்க்கிற பிள்ளை அப்படித்தான் இருந்தது என்று நம்பிவிடும்.

பழைய சுவர் திருத்துகிற வேலையில் இதே கேள்வி எங்களுக்கும் வரும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து அப்பினால் பளபளவென்று இருக்கும், ஆனால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடுகிற சுவர். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். ஈரமும் உப்பும் உள்ளே நின்று, கொஞ்ச வருசத்தில் பழைய கல்லையும் சேர்த்துக் கொண்டு விழும். பழையதைப் பழையதாகவே வைத்து, சுண்ணாம்பாலேயே திருத்த வேண்டும்.

வரலாறு ரீச்சர், புதுக்குடியிருப்பு (ஞாயிறு, காலை 10.10)

மேசன் அண்ணா சொன்னதற்கு உலக அளவில் ஒரு விதியே இருக்கிறது. 1964 இல் வெனிஸ் நகரில் கூடிப் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கு ஒரு பட்டயம் எழுதினார்கள். விடுபட்ட பகுதியைப் புதிதாகச் சேர்த்தால் அது மொத்தத் தோற்றத்தோடு இசையவும் வேண்டும், அதே நேரம் இது புதிது என்று பிரித்தறியவும் வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஊகம் தொடங்குகிற இடத்தில் மீளக்கட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்கிறது.

இதை அப்படியே மகளிடம் சொல்லுங்கள், 12 வயதுக்கு இது விளங்கும். நின்றிருப்பதை நின்றிருக்கிறபடி செய்யட்டும். இல்லாமல் போனதை வேறு பொருளால், வேறு நிறத்தால் காட்டட்டும். எந்தப் பொருள் என்று அவளே முடிவு பண்ணட்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

மூத்த மகனும் பிழையாகச் சொல்லவில்லை. அரைகுறை வேலை என்று வகுப்பு நினைக்காமல் இருக்க, பக்கத்தில் ஒரு சின்னத் தாளில் ஏன் இப்படிச் செய்தேன் என்று நாலு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பரந்தன் தாய் (புதன், இரவு 9.20)

மழை தொடங்கிவிட்டது. மதில் காயவே இல்லை. முட்டைத்தட்டுக் களி மூன்றாம் நாளும் ஈரம், ஒரு மூலையில் பூஞ்சணமும் பிடித்துவிட்டது. அம்மாதான் வழி சொன்னா. அடுப்படிப் பரணில் கருவாடு காயவைக்கிற இடத்தில் ஏற்றிவிட்டோம். இரண்டு நேரச் சமையல் சூட்டில் நல்லாக இறுகிவிட்டது. புகை படிந்து ஒரு பழுப்பு நிறமும் வந்திருக்கிறது, தேயிலைச் சாயம் கால்வாசிதான் தேவைப்பட்டது. பூஞ்சணம் பிடித்த துண்டைச் சுரண்டிவிட்டு, புதுக்களிக்குக் கொஞ்சம் உப்பும் சேர்த்தா அம்மா. மேசன் அண்ணா, அடுத்த முறை மெல்லிசு என்றால் எவ்வளவு மெல்லிசு என்றும் சொல்லுங்கள், இவள் அரை விரல் தடிப்புக்கு அப்பிவிட்டாள்.

இல்லாமல் போன மதிலுக்கு மகள் கண்டுபிடித்தது வெள்ளை நூல். ஈர்க்குத் துண்டுகளை மதிலில் குத்தி நிறுத்தி, உச்சியில் நூலை இழுத்துக் கட்டுகிறாள். காற்றில் மதிலின் உருவம் கோடாக நிற்கிறது. எட்டத்தில் இருந்து பார்த்தால் இடிந்த மதில் மட்டும், கிட்ட வந்தால் நூல் தெரிகிறது. உயரம் நிச்சயம் இல்லாததால் "இது எங்கள் ஊகம்" என்று எழுதிக் கீழே ஒட்டியிருக்கிறாள்.

எனக்கு ஒரு நேரம் கை துடித்தது. ஒரு ஈர்க்கு சரிந்து நின்றது, நிமிர்த்திவிடலாம் என்று போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா.

கனகராயன்குளம் அக்கா (புதன், இரவு 9.55)

இதை வாசித்துக்கொண்டே வருகிறேன். நூல் விசயத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். எங்களுக்கு ஒரு வேலையும் இப்போது தரவில்லை, ஆனாலும் முட்டைத்தட்டை எறிய வேண்டாம் என்று எடுத்து வைத்திருக்கிறாள்.

தருமபுரம் மேசன் (புதன், இரவு 10.15)

பரந்தன் தங்கச்சி, பிழை என்னுடையது. மெல்லிசு என்றால் தோசைத் தடிப்பு. மழைக் காலத்தில் அதிலும் பாதி.

பரந்தன் தாய் (செவ்வாய், மாலை 5.40)

இன்றைக்குக் கொடுத்தாயிற்று.

பஸ்ஸில் கொண்டுபோனால் நசியும் என்று பக்கத்து வீட்டு அண்ணா ஓட்டோவில் ஏற்றினார். பெரிய பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, அதற்குள் பலகையைத் தள்ளி, மேலே பொலித்தீன் போர்த்தினோம். அப்படியிருந்தும் குழியில் விழுந்து எழும்பியதில் மண்வீட்டின் கூரை கழன்றுவிட்டது. மகள் அழவில்லை. வைக்கோலை ஈர்க்கால் குத்தித் திரும்ப வைத்துவிட்டாளாம்.

வகுப்பில் ஏன் உடைந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். இவள் கோட்டை உடைந்திருக்கிறது, நான் உடைக்கவில்லை என்று தொடங்கி, எந்தப் பக்கம் அளந்தேன், எது அளந்தது, எது ஊகம் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு கொத்தளம் ஏன் போதும் என்பதற்கு இரண்டு பிள்ளைகளை மூலையில் நிறுத்திக் காட்டினாளாம். ஒல்லாந்தரையும் போர்த்துக்கேயரையும் ஒரு இடத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து கவலைப்பட்டாள். ஆட்சி எத்தனை என்பதை விட ஆட்கள் எங்கே நின்றார்கள் என்பதுதான் இவளுக்குப் பிடித்திருக்கிறது. புள்ளி இன்னும் போடவில்லை. மாதிரியுருவைக் கொஞ்ச நாளைக்கு வகுப்பில் வைத்திருக்கக் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. நேற்று இரவு மீதிக் களியும் ஈர்க்கும் கிடந்தது. அம்மா ஒரு பழைய தட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் இருந்தா. விறாந்தை இவ்வளவு நீளம், கிணறு இந்தப் பக்கம், மாமரம் இங்கே என்று சொல்லச் சொல்ல மூத்தவன் களியை வைத்துக்கொண்டே போனான். எங்கள் பழைய வீடு. சுவர் மட்டும் எழும்பியிருக்கிறது. கூரைக்கு என்ன செய்வது என்று கேட்டான். நூல் இருக்குதுதானே என்றா அம்மா.

ஒட்டுசுட்டான் அப்பப்பா (செவ்வாய், இரவு 7.00)

கிணற்றுக்குத் துலாவும் போடச் சொல்லு பிள்ளை.

மன்னார்த் தகப்பன் (செவ்வாய், இரவு 8.25)

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். என் மகன் 8ஆம் தரம். அவனுக்கும் இதே வேலை வந்திருக்கிறது. மன்னார்க் கோட்டை செய்யலாம் என்றுதான் இருந்தோம். இதை வாசித்தபிறகு அவன் எங்கள் பக்கத்து அரிப்பு என்ற கரையோர ஊரில் இருக்கும் டொரிக் மாளிகையைக் கேட்கிறான். முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்காக 1801 க்கும் 1804 க்கும் இடையில் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும். கடல் கரையை அரித்து அரித்து, கட்டடம் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. அதற்கும் நூல் வைக்கலாம்தானே என்று கேட்கிறான்.

செங்கல்லுக்கு முட்டைத்தட்டுச் சரிவருமா, இல்லை களிமண்ணில் சின்னச் சின்னக் கல்லாக வெட்டிக் காயவைப்பதா?

தருமபுரம் மேசன் (செவ்வாய், இரவு 8.50)

களிமண் வேண்டாம், காய்ந்து சுருங்கினால் அளவு பிழைக்கும். காட்போட்டின் மேல்தாளை உரித்தால் உள்ளே வரி வரியாக இருக்கும். அதைக் குறுக்கே வைத்து, நெடுக்கே பேனாமுனையால் கீறிவிடுங்கள், செங்கல் வரிசை போல வரும். 1க்கு 100 இல் ஒவ்வொரு கல்லும் தெரியத் தேவையில்லை. மேலே அங்கங்கே சுண்ணாம்பை அப்பி, அங்கங்கே விட்டுவிடுங்கள். முதலில் போய் அளந்துவிட்டு வாருங்கள். கடலை நோக்கின விளிம்புக்குப் பிள்ளையைக் கிட்டப் போக விடவேண்டாம், அந்தச் சுவரை நம்ப முடியாது.

மன்னார்த் தகப்பன் (செவ்வாய், இரவு 9.05)

நன்றி அண்ணா. சனிக்கிழமை காலை போகிறோம். மகன் இப்போதே விறாந்தையில் நடந்து தன் எட்டை அளந்துகொண்டிருக்கிறான்.